ஐந்து கோழி, நான்கு குதிரை

பி.ஏ. பரீட்சையில் பொருளாதாரத் தாளில் நான் தோற்றது ஒரே ஒரு கேள்வியால் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் மூன்று கேள்விகளைக் கோட்டை விட்டிருந்தேன். ஆனால் அந்த ஒன்றுதான் மனதில் முள்ளாகக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலக நாடுகள் கூடிப் பேசித் தங்கக் காசையும் வெள்ளிக் காசையும் ஒரே சீராக்கப் பார்த்த கதையை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கதை என்னவோ எளிதுதான். பிரான்சும் பெல்ஜியமும் இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அவரவர் காசில் அவரவர் முத்திரை இருக்கட்டும். எடையும், உலோகத்தின் சுத்தத்தைச் சொல்லும் மாற்றும் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் காசு மற்றவர் கடையில் செல்ல வேண்டும். இது நன்றாக நடக்கிறதே என்று இரண்டு வருடம் கழித்து இன்னும் பல நாடுகளைப் பாரிஸில் கூட்டிவைத்துப் பேசினார்கள். இங்கிலாந்தின் பவுனில் இருக்கும் தங்கம் பிரெஞ்சுக்காரரின் இருபத்தைந்து பிராங்குத் தங்கத்தை விட ஒரு துளிதான் கூடுதல். அந்தத் துளியை விட்டுக்கொடுத்தால் உலகத்துக்கே பொதுவாக ஒரு தங்கக் காசு அமைந்துவிடும். இங்கிலாந்து மசியவில்லை. பிறகு வெள்ளி மலிந்து தெருவுக்கு வந்தது. அதற்காக மறுபடி பாரிஸில் கூடினார்கள், பிரஸ்ஸல்ஸில் கூடினார்கள், பேசினார்கள், விருந்து சாப்பிட்டார்கள், அவரவர் ஊருக்கு ரயிலேறினார்கள். அவ்வளவுதான்.

ஒரு துளிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வகுப்பில் சிரித்தவள் நான். எங்கள் ஊரிலேயே அந்தத் துளி இருந்தது எனக்கு உறைக்கவில்லை. திருவிதாங்கூரில் அப்போது சர்க்கார் ரூபாய் என்றால் இருபத்தெட்டுச் சக்கரக் காசு. பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்துக்காகச் சந்தையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் தோற்ற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்யாணம் செய்துவைத்தார்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான வருடம், ஆவணி மாதம். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா வேலை, வீடு தக்கலையில். திருவனந்தபுரத்தில் குடித்தனத்துக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் நான் தக்கலையில் மாமனார் மாமியாரோடு இருப்பது, அவர் சனிக்கிழமை தோறும் வந்துபோவது என்று ஏற்பாடு. மார்ச்சில் நான் அந்தத் தாளை மறுபடி எழுதலாம் என்று அவர் சம்மதித்திருந்தார். அதனால் பொருளாதாரப் புத்தகமும் என் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தக்கலைக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கு இராஜாக்கமங்கலம் பக்கம் கொஞ்சம் வயல். மானத்தோடு வாழ்கிறவர், அதைவிட மானஸ்தனென்று பெயரெடுப்பதில் ஆசையுள்ளவர். எனக்குப் பத்துப் பவுனில் காசுமாலை போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் பவுன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இங்கிலாந்து ராணி தலையோ ராஜா தலையோ போட்ட தங்கக் காசும் பவுன்தான்; அந்தக் காசின் எடையும் பவுன்தான். இரண்டும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டதால் எந்தப் பவுனைச் சொல்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

காசுகள் பெரியப்பா சேர்த்தவை. கொழும்புத் துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருந்தவர், எல்லா நாட்டுக் கப்பல்காரர்களோடும் வியாபாரம் செய்தவர், கல்யாணத்துக்கு ஆறேழு வருடம் முன்பே இறந்துபோனார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பாவே உட்கார்ந்து சிவப்புப் பட்டு நூலில் பத்துக் காசையும் கோர்த்தார். நான் எதிரே நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்த்துத் தலைப்பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்தார்.

கல்யாணத்தன்று மாமியார் மாலையைக் கையிலெடுத்து எண்ணினார். "பத்து ராணி. அஞ்சு ராணி கெழவி, அஞ்சு ராணி கொமரி" என்று சபையில் சொன்னார். முக்காடு போட்டது ராணி வயதானபோது அடித்த காசு, கூந்தலில் இலை சூடியது இளவயதில் அடித்தது என்று பக்கத்திலிருந்த பெண்கள் விளக்கமும் சொன்னார்கள். எல்லோருக்கும் திருப்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காசின் வளையம் கழன்றது. மாமியார் மாலையை அடுத்த தெரு ஆசாரியிடம் கொடுத்தனுப்பினார். இருபது வருடமாக அந்த வீட்டுக்கு நகை வேலை செய்கிறவர் அவர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

புதன்கிழமை காலை அவரே மாலையைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தார். முகத்தில் ஒரு நிறைவு.

"நூலு நைஞ்சு போயிருந்து, புது நூலு போட்டேன். தலைப்பக்கமெல்லாம் தேஞ்சு கெடந்து. மறுபக்கம் நல்ல பளபளப்பு. அதாக்கும் திருப்பிக் கோத்திருக்கேன், அக்கா."

மாமியார் துணியைப் பிரித்தார். மாலையின் ஒரு பாதியில் குதிரைமேல் உட்கார்ந்து பாம்பைக் குத்தும் வீரன். மறுபாதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐந்து சேவல்கள்.

"ஏட்டி, இங்க வா! பவுனுல எங்கயாவது கோழி உண்டா?"

நான் ஓடிப் போனேன். கடையிலிருந்து மாமனாரும் வந்துவிட்டார். தெருவை ஒட்டிய முன்னறையில்தான் அவருடைய பலசரக்குக் கடை. சேவல் காசு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருவதுன்னு போட்டிருக்கு பாத்தியா? இருவது என்ன, இருவது சக்கரமா? களவாண்டவன் வெலையும் சேத்து அடிச்சிருக்கான்!"

ஆசாரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. "அண்ணாச்சி, நான் எடுக்கும்போதே அப்பிடித்தான் இருந்து. அஞ்சு குதிரை, அஞ்சு கோழி. சீமைக் காசுல பல தினுசு உண்டும்லா. எம் பிள்ளையள் மேல ஆண, வந்தது எதுவோ அதத்தான் கொண்டு வந்திருக்கேன்."

"வாங்கும்போ நிறுத்தேரா?"

"இல்ல. இந்த வீட்டுச் சாமான நான் என்னைக்கு நிறுத்து வாங்கியிருக்கேன்?"

மாமனார் அப்போதே அவர் வீட்டிலிருந்து தராசை வரவழைத்து அவரையே நிறுக்கச் சொன்னார். வளையங்களைத் தள்ளிக் கணக்குப் பார்த்தால் பத்துப் பவுன் எடைக்கு ஏறக்குறைய ஒரு பவுன் குறைந்தது. தன் வாயாலேயே அதைச் சொன்னார் ஆசாரி. பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு அன்று அதுவே வினையாக முடிந்தது.

"தாய்ப்பொன்னுலயும் மாப்பொன் எடுக்கியவன் தட்டான்னு சும்மாவா சொன்னான்?" என்றார் மாமனார். "நல்ல பவுன் அஞ்ச எடுத்துக்கிட்டு லேசா அஞ்சு கோழி செஞ்சு போட்டிருக்கேரு. சனியாழ்ச்ச எம் மவன் வரட்டும். ஒம்மக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுவரைக்கும் தராசும் பெட்டியும் இங்கயே கெடக்கட்டும்."

இதற்குள் மாமியார் ஒரு காசை என் கையில் வைத்திருந்தார். படித்தவளாயிற்றே, பார் என்று. சேவலைச் சுற்றி இருந்த எழுத்துக்களை நான் கூட்டிப் படித்தேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். சரித்திர வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று பிரெஞ்சுச் சொற்கள். கீழே நான் பிறப்பதற்கு வெகுமுன்னால் உள்ள ஒரு வருடம். பக்கத்தில் இருபது, அதையடுத்துப் பிராங்கு என்பதன் சுருக்கம். குமரி ராணி என்று நாங்கள் கொண்டாடியது ராணியே இல்லை. ராணியையும் ராஜாவையும் துரத்திவிட்ட நாட்டார் தங்கள் குடியரசுக்குப் பெண்ணுருவம் கொடுத்து அடித்த தலை.

வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை. கோழிக்காசு உண்மையான பழைய காசென்றால், அதை ஆசாரி செய்யவில்லை. ஆசாரி செய்யவில்லை என்றால், அது என் அப்பா வீட்டிலிருந்தே வந்தது. அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு தலையையும் வெளியே திருப்பி வைத்தது சடாரென்று என் கண்முன் வந்து நின்றது.

"ஒண்ணும் வெளங்கல்ல, அத்தை" என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் பல நாட்டுக் காசுகளின் எடையும் மாற்றும் போட்ட ஒரு பட்டியல் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் அந்தப் பக்கத்தை நான் திறந்ததேயில்லை. இப்போது திறந்தால் எல்லாம் அப்படியே பொருந்தியது. ஐந்து சேவலும் நூறு பிராங்கு. அதில் இருந்த தங்கம் நான்கு பவுனுக்கு ஒரு துளி குறைவு. ஐந்து சேவல் நான்கு பவுனுக்குச் சமமென்றால் பத்தில் ஒரு பவுன் குறையத்தானே செய்யும்? பாரிஸில் அத்தனை பேரைக் கூட்டிவைத்துச் சேர்க்க முடியாத இரண்டு காசையும் என் அப்பா ஒரு பட்டு நூலில் சேர்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை மறுபடி புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. செய்தி ஊருக்குள் போய்விட்டது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து அடுத்த தெருவில் ஆசாரியின் வாசல் நன்றாகத் தெரியும். காலையிலிருந்தே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், வேலைக்குக் கொடுத்த நகையைத் திருப்பி வாங்க. ஒருத்தி முடியாத வளையலை முடியாமலே வாங்கிப் போனாள். ஒருத்தி மகளின் கம்மலை அங்கேயே நின்று விளக்குக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். ஆசாரி ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகு வேலை ஒன்றுமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன். சற்றுக் கழித்து எட்டிப் பார்த்தேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சோறு இறங்கவில்லை. "பவுன் போச்சுன்னு பிள்ளைக்கு வெப்ராளம்" என்று மாமியார் பரிந்து மோர் கொண்டுவந்து தந்தார். அந்தப் பரிவு இன்னும் சுட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். மாமனார் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவருக்குக் காப்பி கொடுத்து, நடந்ததைச் சொல்லி, கடைசியில் மாமனார் விஷயத்துக்கு வந்தார். "நாளைக்கு ஸ்டேஷன்ல நீங்க ஒரு வார்த்த சொல்லணும், சம்மந்தி. குடுத்தது பத்தும் குதிரைப் பவுனுதான்னு. அது போதும். மிச்சத்த அவங்க அடிச்சு வாங்கிருவாங்க."

அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லலாம்" என்றார்.

கிணற்றடியில் கால் கழுவ வந்தவரைப் பிடித்தேன். சுற்றிலும் யாருமில்லை.

"அப்பா, அதுல அஞ்சு பிரெஞ்சுக் காசு."

அவர் வாளியைச் சாய்த்துக் காலில் தண்ணீர் ஊற்றினார். கழுவின காலிலேயே மறுபடியும் ஊற்றினார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுல எழுதியிருக்கு. நான் தோத்த பாடத்துலயும் இருக்கு."

"பத்து காசு சொன்னேன், பத்து காசு போட்டேன். பெரியப்பா வச்சுட்டுப் போனது அவ்வளவுதான். வேற என்ன செய்யச் சொல்லுக? வயல விக்கவா?"

"அப்ப ஆசாரி?"

"பைய பேசு மக்கா. தட்டானுக்கு இது புதுசா? நாலு நாள் பேசுவாவ, அப்புறம் மறந்துருவாவ. நீ இந்த வீட்டுல ஆயுசு முழுக்க இருக்கணும்லா."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தில் வாளியைத் தூக்கிக் கிணற்றுக்குள் வீசியிருப்பேன். ஆனால் கழுவின காலில் அப்பா மூன்றாம் தடவையும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். என் அப்பா திருடர் இல்லை. வாக்குக்கும் வசதிக்கும் நடுவே ஒரு பவுன் இடிக்க, அதைக் காசின் மறுபக்கத்தில் ஒளித்துவைத்த மனிதர். அவர் மேல் எனக்கு இருந்த பாசம்தான் என்னைக் கோழையாக்கியது. வெள்ளிக்கிழமையும் நான் வாய் திறக்காமலே போயிற்று.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வந்தார். அவர் கை கால் கழுவுவதற்குள் மாமனார் நேரியலைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ஆசாரியை வரவழைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடிவிட்டார்கள். அப்பா கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

ஆசாரி மாமனாரைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கோ. ஒங்க கையால குடுத்தது கோழியா, குதிரையா? நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு மேல நான் பேசல்ல."

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆசாரியைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நான் பேசினேன் என்று சொன்னால் அது பொய். அப்பா பொய் சொல்வதைக் காது கொண்டு கேட்க என்னால் முடியவில்லை. அதனால்தான் முந்திக்கொண்டேன்.

"அதுல களவு ஒண்ணும் இல்ல. கோழியும் நெசக் காசாக்கும். பிரான்சு நாட்டுக் காசு. கல்யாணத்தன்னைக்கு அத்தை எண்ணின அஞ்சு கொமரியும் இதுதான்."

எல்லோரும் திரும்பினார்கள். "ஒனக்கு எங்கன தெரியும்?" என்றார் மாமியார்.

"நான் தோத்த பாடம், அத்தை."

"படிச்சுத் தோத்தவ சொல்லுகத நம்பியா நான் ஸ்டேஷனுக்குப் போவாம இருக்கணும்?" என்றார் மாமனார்.

எனக்குச் சுரீரென்றது. அந்தக் கோபம்தான் என் குரலுக்குத் தெம்பு தந்தது. "அப்ப நிறுத்துப் பாருங்க, மாமா. அஞ்சு கோழிய ஒரு தட்டுலயும் நாலு குதிரைய மறு தட்டுலயும் வைங்க. நிறுக்கியதுக்கு முன்னயே நான் சொல்லுகேன். ரெண்டும் ஏறக்குறைய சமமா நிக்கும். கோழித் தட்டு ரெண்டு மூணு குன்றிமணி தாழும். ஆனா உரைச்சுப் பாத்தா குதிரைக்குத்தான் மாத்து கூட. ஆசாரி செஞ்ச காசுன்னா என் புத்தகத்துல போட்டிருக்கிய எடை அவருக்கு எப்பிடித் தெரியும்?"

என் வீட்டுக்காரர் ஒரு சேவலை வாங்கி உற்றுப் பார்த்தார். "எழுத்து இங்கிலீஷ் இல்ல, அப்பா. பிரெஞ்சாட்டுதான் இருக்கு" என்றார். "நிறுத்துதான் பாப்போமே."

மாமியாரின் கட்டிலுக்கு அடியிலிருந்து தராசுப் பெட்டி வந்தது. மாமியாரே நூலை அவிழ்த்துக் காசுகளின் வளையங்களைக் கழற்றினார். ஆசாரி அதைத் தொடக் கூடாது என்றுவிட்டார் மாமனார். என் வீட்டுக்காரர்தான் பிடித்தார். குமாஸ்தாக் கை, தராசு ஆடிக்கொண்டே இருந்தது.

"நடு நூலப் பிடியுங்கோ தம்பி" என்றார் ஆசாரி முற்றத்திலிருந்து. "விரல் தண்டுல படப்பிடாது. மூச்ச அந்தப் பக்கம் விடுங்கோ."

தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடிய தராசை எப்படிச் சரியாகப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். தட்டுகள் ஏறி இறங்கி ஓய்ந்தன. கோழித் தட்டு ஒரு நகக்கனம் தாழ்ந்து நின்றது. நான் குதிரைப் பக்கம் ஒரு குன்றிமணி போட்டேன். இன்னொன்று போட்டேன். மூன்றாவது போட்டதும் முள் நிமிர்ந்தது. பிறகு உரைகல்லை எடுத்து ஆசாரியிடமே கொடுக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இழைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பிள்ளை சொன்னது சரிதான். கோழிக்கு மாத்து ஒரு இழை கொறவு."

வேலியோரத்தில் சலசலப்பு. மாமனார் நேரியலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். விஷயம் அத்துடன் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். மாமியாரைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

"அப்படின்னா கல்யாணத்துக்கு முன்னயே கோழிதான்" என்றார் அவர் நிதானமாக. "பின்ன தலைய வெளிய வச்சுக் கோத்தது யாரு? கோழிய உள்ளோட்டு மறைச்சது யாரு?"

கேள்வி நேராக அப்பாவிடம் போய் நின்றது. அப்பா தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.  அப்பாவைப் பொய்யிலிருந்து காப்பாற்றப் போய் நானே அவரை நடுச்சபையில் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு விநாடி போனால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

"அது வழக்கமாக்கும், அக்கா" என்றார் ஆசாரி.

மாமியார் திரும்பினார்.

"காசுமாலைன்னா தலைதான் வெளிய வரணும். எந்த ஆசாரிட்ட குடுத்தாலும் அப்பிடித்தான் கோப்பான். நான்தான் கோட்டித்தனமா திருப்பிப் போட்டு இவ்வளவு ஏழரையக் கூட்டினேன். இந்த அண்ணாச்சி வயக்காட்டுக்காரரு, அவியளுக்குக் கோழியும் தெரியாது குதிரையும் தெரியாது. முன்பக்கம் பாத்தா ரெண்டும் ராணிதானே. நீங்களே கொமரி ராணின்னுதானே சொன்னிய?"

மாமியார் காசுகளை அள்ளித் துணியில் முடியத் தொடங்கினார். யாரோ சிரித்தார்கள். மாமனாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "எனக்குத் தெரியாமப் போச்சு சம்மந்தி, கும்பப்பூ நெல்லு அறுப்புக்கு அந்த ஒரு பவுனையும் போட்டுருவேன்" என்று அப்பா சொன்னார். சொன்னபடி மாசியில் போடவும் செய்தார். அதன் பிறகு அவர் சாகும்வரை அந்த மாலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனையோ கழுத்துகளில் காசுமாலை பார்த்துவிட்டேன். குதிரை வெளியே வந்ததும் உண்டு, தலை வெளியே வந்ததும் உண்டு. ஆசாரிக்கு அது தெரியாதா? எடை குறைகிறது என்று தன் வாயாலேயே சொல்லித் தன் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டவர், அன்று எல்லோர் முன்னாலும் கூசாமல் ஒரு பொய் சொன்னார். என் அப்பாவுக்காக.

மாமனார் வளைய வேலைக்குக் கூலி என்று ஒரு பிரிட்டிஷ் ரூபாயை நீட்டினார். ஆசாரி அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, மடியிலிருந்தே ஒரு செம்புக் காசை எடுத்துப் படிமேல் வைத்தார். அரைச் சக்கரம்.

"பேசினது சர்க்கார் ரூபாயாக்கும், அண்ணாச்சி."

மாமனார் கடைக்குள் போய்விட்டார். தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசாரி நடந்தார். நான் பின்னாலேயே வேலிப்படல் வரைக்கும் போனேன். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

"ஆசாரி, நீங்க சொன்ன அந்த வழக்கம்..."

அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"புதனாழ்ச்சயே நீ வாசிச்சிட்டேல்லா, மக்கா?"

நான் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டேன்.

"காசக் கையில வாங்கினப்ப ஒன் உதடு அனங்கிச்சு. நீ எழுத்துக் கூட்டுகன்னு கண்டேன். இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு மூணு நாளா இந்த வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வரத் தாமதமாயிற்று என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அரைச் சக்கரம் படியிலேயே கிடந்தது. யாரும் எடுக்காததால் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மார்ச்சில் பரீட்சை எழுதினேன், தேறினேன், அந்தக் கேள்வி வரவில்லை. நகையை வாங்கிக்கொண்டு போன பெண்களில் பாதிப் பேர்தான் ஆசாரியிடம் திரும்பப் போனார்கள். அவர் அடுத்த வருடமே தக்கலையை விட்டுப் புதுக்கடைப் பக்கம் குடிபோய்விட்டார் என்று மாமியார் ஒரு நாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். நான் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.